சாம்பல் தூவிய சோறு

ஜப்பானின் கியோட்டோ நகரில் கிதானோ தென்மாங்கு என்றொரு கோயில் இருக்கிறது. கல்விக்குத் தெய்வமாகிவிட்ட சுகவாரா நோ மிச்சிசானேயின் கோயில். பரீட்சைக் காலத்தில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்து கும்பிட்டுப் போவார்கள். 1444ஆம் ஆண்டு இந்தக் கோயில் தீக்கிரையானது. வெளிநாட்டுப் படையெடுப்போ மதச் சண்டையோ அதற்குக் காரணமில்லை. சோற்றில் வளரும் ஒரு பூஞ்சையை யார் வளர்த்து விற்பது என்பதுதான் வழக்கு.

அந்தப் பூஞ்சை பூத்த அரிசிக்குக் கோஜி என்று பெயர். ஆவியில் வெந்த அரிசியில் அது படர்ந்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும்; அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் சாராயமாக்கும். சாக்கே என்ற அரிசி மது அப்படித்தான் பிறக்கிறது. மிசோ, சோயா சாஸ் எல்லாவற்றுக்கும் அதுவே அடிப்படை. 15ஆம் நூற்றாண்டுக் கியோட்டோவில் 300க்கும் மேற்பட்ட மதுக்கடைகள் இருந்தன. அத்தனை பேருக்கும் கோஜி செய்து விற்கும் உரிமை, கிதானோ கோயிலைச் சார்ந்த ஒரு சங்கத்தாரிடம் இருந்தது. 1419இல் ஷோகன் அஷிகாகா யோஷிமோச்சி அந்த உரிமையை உறுதிசெய்தார்; மது காய்ச்சுபவர்கள் சொந்தமாக வைத்திருந்த கோஜி அறைகள் இடிக்கப்பட்டன. அவர்கள் சும்மா இருப்பார்களா? ஹியேய் மலையில் இருந்த என்ரியாகுஜி மடத்தின் துணையோடு இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து அந்த ஏகபோகத்தை உடைத்தார்கள். அரசுப் படை கோயிலுக்குள் புகுந்தது, கோயில் எரிந்தது. அதன்பிறகு மதுக்கடைக்காரர்களே கோஜி செய்துகொண்டார்கள்.

ஆனால் கோஜிக்கு விதை வேண்டுமே. அந்த விதையைச் செய்வது தனித் தொழிலாகவே நின்றது. இன்றும் நிற்கிறது.

நான் கல்லூரியில் நுண்ணுயிரியல் சொல்லிக்கொடுத்தவள். ஆஸ்பெர்ஜில்லஸ் என்றால் எங்கள் ஆய்வகத்தில் விரோதி. ஊசிப்போன ரொட்டி, ஈரம் பட்ட நிலக்கடலை, சரியாக மூடாத அகார் தட்டு என்று எங்கே பார்த்தாலும் பச்சையாக வந்து உட்கார்ந்திருக்கும். அந்த இனத்தின் ஒரு வகையை ஒரு நாடே பிள்ளை போல வளர்த்திருக்கிறது என்பதை நம்ப எனக்குச் சில காலம் பிடித்தது. அவர்கள் அதை எப்படித் தூய்மையாக வைத்திருந்தார்கள் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பெட்ரி தட்டு கிடையாது, ஆட்டோகிளேவ் கிடையாது, பாக்டீரியா என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. இருந்தும் தலைமுறை தலைமுறையாக அதே பூஞ்சை, அதே பச்சை, அதே மணம். அவர்கள் கையில் இருந்த கருவி விறகுச் சாம்பல்.

விதைக் கோஜி செய்கிறவர், ஊறவைத்து ஆவியில் வேகவைத்த அரிசியைப் பரப்பி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, சலித்த மரச்சாம்பலைத் தூவிப் பிசிறுவார். அதன் மேல் முந்தைய ஈட்டில் எடுத்து வைத்த வித்துத்தூள். உண்பதற்கான கோஜி என்றால் இரண்டு நாளில், வெள்ளைப் பூஞ்சு படர்ந்த உடனே எடுத்துவிடுவார்கள். விதைக்கு அப்படியில்லை. ஐந்தாறு நாள் வெதுவெதுப்பான அறையில் விட்டு, வெள்ளை மஞ்சளாகி, மஞ்சள் பச்சையாகி, அரிசியைத் தட்டினால் புகை போல வித்துகள் எழும்வரை காத்திருக்க வேண்டும். பிறகு உலர்த்திச் சலித்தால் விதை. எந்தச் சாம்பல் என்பதிலும் அவர்களுக்குக் கறார் உண்டு. கமேலியா மரத்துச் சாம்பலை உயர்வாகச் சொல்வார்கள்.

என் பழைய மாணவி ஒருத்தி கியோட்டோவிலிருந்து அப்படி ஒரு பொட்டலம் கொண்டுவந்து தந்தாள். பாசி நிறத்தில், விரலில் தொட்டால் டால்கம் பவுடரைவிட மெல்லிசாக ஒட்டுகிற தூள். பச்சரிசியை இரவெல்லாம் ஊறவைத்து, வடிகட்டி, இட்லிப் பானையில் துணி போட்டு வேகவைத்தேன். பாதியில் புளியமர விறகின் சாம்பலைச் சலித்துக் கலந்தேன். பாதியை வெறுமனே விட்டேன். அந்தச் சாம்பலைக் கரைத்த தண்ணீரில் பிஹெச் தாளை நனைத்தபோது அது கருநீலமாகிவிட்டது, அதாவது 10க்கு மேல், நல்ல காரம். இரண்டு தட்டும் ஆய்வகத்தில் 30 டிகிரியில் இருந்தன. வெறும் சோற்றில் பூஞ்சை வந்தது, மறுக்கவில்லை. ஆனால் ஓரங்களில் சோறு கசிந்து, நூல் இழுத்து, புளித்த வாடை அடித்தது. பாக்டீரியாவின் வேலை. சாம்பல் கலந்த தட்டில் பருக்கைகள் தனித்தனியாக நின்றன. மூடியைத் திறந்ததும் பச்சைத் தூள் எழுந்தது. பலரும் தின்று கொழுக்க வேண்டிய விருந்தில் சாம்பல் ஒருவனுக்கு மட்டும் இலை போட்டிருந்தது.

ஜப்பானியர் மது வடிப்பில் சாம்பல் பல இடங்களில் நுழைந்திருக்கிறது. 927இல் தொகுத்து முடிக்கப்பட்ட எங்கிஷிகி என்ற அரசு ஒழுங்குநூல், புதுநெல் விழாவில் பேரரசர் படைக்கும் கருமதுவுக்கு ஒரு செடியின் வேரைச் சுட்ட சாம்பலைச் சேர்க்கச் சொல்கிறது. குமாமோட்டோ பகுதியின் அகசாக்கே என்ற செம்மது, கெடாமல் இருக்கச் சாம்பல் சேர்த்துச் செய்வது. புத்தாண்டுக்கு இன்றும் குடிக்கிறார்கள். சாம்பல் கெடுதலைத் தடுக்கும் என்பது அந்த மண்ணில் பழகிய அறிவு. விதைக் கோஜிக்காரர்களின் கெட்டிக்காரத்தனம் வேறு. எதைத் தடுக்கும் என்று பார்த்ததோடு நிற்காமல், எதைத் தடுக்காது என்றும் பார்த்துவைத்தார்கள்.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பியர்கள் உருப்பெருக்கியோடு வந்து சேர்ந்தார்கள். தோக்கியோவில் பாடம் நடத்த வந்த ஜெர்மானியர் ஹெர்மன் ஆல்பர்க் 1876இல் இந்தப் பூஞ்சையைப் பிரித்தறிந்து பெயர் வைத்தார். 1884இல் ஃபெர்டினாண்ட் கோன் அதை ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே என்று மாற்றினார். தோக்கியோவில் வேதியியல் கற்பித்த ராபர்ட் வில்லியம் அட்கின்சன் 1881இல் சாக்கே வடிப்பின் வேதியியல் பற்றி ஒரு நூலே எழுதினார். மதுவைச் சூடாக்கிக் கெடாமல் காக்கும் முறை பாஸ்டருக்கு முன்பே அங்கே நடைமுறையில் இருந்ததை அவர் கண்டு வியந்தார். 16ஆம் நூற்றாண்டுக் கோயில் குறிப்பேடு ஒன்றிலேயே அது பதிவாகியிருக்கிறது. தகாமினே ஜோக்கிச்சி 1894இல் அமெரிக்காவில் இந்தப் பூஞ்சையின் நொதிக்குக் காப்புரிமை வாங்கி, டாகா டயஸ்டேஸ் என்ற செரிமான மருந்தாக்கினார். நொதிகளுக்கு மவுசு வந்தது. சாம்பலைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டிய கேள்வி எளியது. பெரும்பாலான பூஞ்சைகளுக்குப் புளிப்பு பிடிக்கும். வளர வளரத் தாமே அமிலத்தைக் கக்கிச் சுற்றுப்புறத்தைப் புளிக்கவைக்கும். அப்படிப்பட்ட உயிர் காரச் சாம்பலில் எப்படிப் பிழைக்கிறது? உயிரணுவின் உள்ளே இருக்கும் பிஹெச்சை எந்த உயிரும் ஓரளவு ஒரே நிலையில் வைத்துக்கொள்ளும். சிக்கல் வெளியே. பூஞ்சை நம்மைப் போல விழுங்கிச் செரிப்பதில்லை. நொதியை வெளியே விட்டு, அங்கேயே செரித்து, பிறகு உறிஞ்சும். அமிலத்தில் வேலை செய்யும் நொதியைக் காரத்தில் விட்டால் அது வீண். காரத்தில் இரும்புகூடக் கரையாமல் போய்விடும். தனிப் பிடிப்பான்களைச் சுரந்தால்தான் அதை உள்ளே இழுக்க முடியும். ஆக, வெளியே என்ன நிலவுகிறது என்று பூஞ்சைக்கு முதலில் தெரிய வேண்டும். தெரிந்த பிறகு எந்த மரபணுவை இயக்குவது, எதை நிறுத்துவது என்று மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்த விடை கோஜியில் கிடைக்கவில்லை. அதன் உறவுக்காரனான ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸில் கிடைத்தது. இத்தாலியிலிருந்து அடைக்கலம் தேடி வந்த குவீடோ பொண்டெகோர்வோ, 1940களில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் அந்தப் பூஞ்சையை மரபியலுக்குப் பழக்கினார். கோஜிப் பூஞ்சைக்கு ஆண் பெண் கூடல் கண்ணில் படுவதில்லை, நிடுலன்ஸில் உண்டு. அதனால் ஒட்டுச் சேர்த்து, பிள்ளைகளைப் பிரித்து, எந்தப் பண்பு எந்த மரபணுவோடு போகிறது என்று வரைபடம் போட முடிந்தது.

அந்த வழியில் வந்த கார்டன் டார்ன் என்பவர் 1965இல் ஒரு வேலை செய்தார். பூஞ்சை சுரக்கும் பாஸ்பட்டேஸ் நொதிகளில் ஒன்று அமிலத்தில் வேலை செய்யும், இன்னொன்று காரத்தில். மரபணு மாறி இந்த நொதிகளை இழந்த மியூட்டன்ட்களைத் தேடினார். தட்டில் வளர்ந்த கூட்டங்களுக்கு மேல் சாயமாகும் திரவத்தை ஊற்றினால், நொதி உள்ளவை நிறம் ஏறும். இல்லாதவை வெளுத்தே கிடக்கும். வெளுத்தவற்றைப் பொறுக்கினார். கார நொதி இல்லாதவற்றுக்குப் பால் என்றும், அமில நொதி இல்லாதவற்றுக்குப் பாக் என்றும் பெயரிட்டு, ஏ, பி, சி என்று வரிசைப்படுத்தி வைத்தார். மிக நேர்த்தியான வேலை. ஆனால் ஒரு நொதியைச் செய்ய ஒரு மரபணு போதுமே, ஒன்றே ஒன்று போனதற்கு இத்தனை பால் மரபணுக்கள் எதற்கு என்ற கேள்வி அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தது.

இருபது ஆண்டுகள் கழித்து, இங்கிலாந்தில் மார்க் கேடிக்கும் ஹெர்பர்ட் ஆர்ஸ்ட்டும் அந்தப் பழைய ரகங்களை மறுபடி எடுத்து வளர்த்தார்கள். 1986இல் வந்த அவர்களது கட்டுரையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். பாஸ்பட்டேஸை மட்டும் பார்க்காமல், பிஹெச்சுக்குத் தக்கபடி மாறும் வேறு நொதிகளையும் உணவை உள்ளிழுக்கும் புரதங்களையும் அளந்தார்கள். பல பால் மியூட்டன்ட்கள் எங்கே வளர்ந்தாலும் அமிலத்தில் இருப்பது போலவே நடந்துகொண்டன. சில பாக்-சி மியூட்டன்ட்கள் அதற்கு நேர்மாறு. புளித்த ஊடகத்தில் வைத்தாலும் காரத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டன. டார்ன் சேர்த்துவைத்தவற்றில் பல, நொதி இழந்த பூஞ்சைகளே அல்ல, சுற்றுப்புறத்தைத் தப்பாக உணரும் பூஞ்சைகள். அந்தப் பால் மரபணுக்கள் வெளியே காரம் என்று செய்தி கொண்டுபோகும் வழி. பாக்-சி அந்தச் செய்தியைக் கேட்டு மற்ற மரபணுக்களுக்கு உத்தரவு போடும் இடம். புதிய கருவி எதுவும் இல்லாமல், இருந்த மியூட்டன்ட்களைக் கூர்ந்து பார்த்தே இந்த முடிவுக்கு வந்தார்கள்.

அதன் பிறகு மூலக்கூறு அளவில் விவரம் சேர்ந்தது. லண்டனில் ஆர்ஸ்ட், ஜோன் டில்பர்ன் குழுவும், மாட்ரிட்டில் மிகேல் பெனால்வா குழுவும் கைகோத்துச் செய்த வேலை அது. 1995இல் பாக்-சி என்ன என்று தெரிந்தது: துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு டிஎன்ஏவில் உட்காரும் விரல்கள் மூன்று கொண்ட புரதம். அமிலச் சூழலில் அந்தப் புரதம் தொட்ட மரவட்டையாய்ச் சுருண்டு, தன் வாலால் தன்னையே மூடிக்கொண்டு கிடக்கிறது. வெளியே காரம் ஏறினால், உயிரணுவின் மேல்தோலில் ஏழு முறை உள்ளும் வெளியும் நுழைந்து நிற்கும் பால்-ஹெச் அதை உணர்கிறது. பால்-எஃப் அதோடு சேர்கிறது. செய்தி பால்-சி, பால்-ஏ வழியே இறங்கி, பால்-பி என்ற வெட்டும் நொதியிடம் போகிறது. பால்-பி பாக்-சியின் வாலில் ஒரு வெட்டு வெட்டுகிறது. சுருள் அவிழ்கிறது. மிச்ச வாலை, வேண்டாத புரதங்களை அரைத்துப்போடும் புரோட்டியசோம் தின்றுவிடுகிறது. 72 கிலோடால்டன் எடையுள்ள புரதம் முதல் வெட்டில் 53 ஆகி, கடைசியில் 27 ஆகிறது. இந்த இரண்டு கட்டமும் 2002இல்தான் முழுமையாகத் தெளிந்தது.

27 ஆகக் குறுகிய அந்தத் துண்டுதான் வேலைக்காரன். உட்கருவுக்குள் போய், காரத்துக்கு வேண்டிய மரபணுக்களின் முகப்பில் உட்கார்ந்து அவற்றை இயக்குகிறது. அமிலத்துக்கு வேண்டியவற்றை அடக்குகிறது. கார பாஸ்பட்டேஸ், கார புரோட்டியேஸ், இரும்பைப் பிடிக்கும் சுரப்புகள் எல்லாம் அதன் கட்டளையில். பென்சிலின் செய்யும் மரபணு ஒன்றும் இந்தப் பட்டியலில் இருப்பது நிடுலன்ஸில் தெரியவந்தது. பால் மரபணு கெட்டுப்போன பூஞ்சையைக் கார ஊடகத்தில் வைத்தால் அது வளரத் திணறி நின்றுவிடுகிறது. சாம்பல் தூவிய சோற்றில் எது பிழைக்கும், எது பிழைக்காது என்பதன் ஒரு பகுதி விளக்கம் இங்கே இருக்கிறது. கோஜிப் பூஞ்சையின் மரபணுத் தொகுதியை ஜப்பானியர் 2005இல் வாசித்து முடித்தபோது, ஏறத்தாழ 12,000 மரபணுக்களுக்கு நடுவே அந்தப் பாக்-சியும் இருந்தது.

பாக்-சிக்கு உறவான புரதம் ஈஸ்ட்டிலும் உண்டு. அங்கே அதற்கு ரிம்101 என்று பெயர். நம் உடம்பில் தங்கும் கேண்டிடா பூஞ்சை, புளிப்பான இடத்திலிருந்து பிஹெச் 7.4 உள்ள ரத்தத்துக்குள் நுழைந்ததும் இழை விட்டு வளர்வதற்கு அதுதான் வழிகாட்டி. ரிம்101 இல்லாத கேண்டிடா எலிகளில் வீரியம் குறைந்துபோவதை 2000இல் காட்டினார்கள். மாங்காயிலும் அவகாடோவிலும் கரும்புள்ளி நோய் தரும் கொல்லெட்டோட்ரைக்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது: தானே அம்மோனியாவைக் கக்கி, பழத்தின் சதையைக் காரமாக்கிக்கொண்டு, காரத்தில் வேலை செய்யும் நொதிகளால் அதை உருக்கித் தின்கிறது. மாம்பழத்தை வாங்கி வைத்து, பழுக்கும்போது கறுப்பு வட்டம் விரிவதைப் பார்க்கிறோமே, அது இந்தப் பூஞ்சைதான்.

கோஜியின் கதையில் ஒரு நச்சுக் கிளையும் உண்டு. கோஜிப் பூஞ்சைக்கு மிக நெருங்கிய இனம் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்ளேவஸ். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்தபோது, தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கைத் தொட்டிருந்தது இதுதான். அஃப்ளாடாக்சின் என்ற ஈரல் நஞ்சு அப்படித்தான் உலகுக்குத் தெரிந்தது. ஃப்ளேவஸிலிருந்து மனிதர் பழக்கி எடுத்த வகையே ஒரைசே என்பது ஆய்வாளர்கள் ஏற்றுக்கொண்ட கருத்து. நஞ்சு செய்யும் மரபணுக்கள் அதில் உடைந்தோ ஊமையாகியோ கிடக்கின்றன. 1997இல் நான்சி கெல்லர் குழுவினர் ஆஸ்பெர்ஜில்லஸ் இனங்களில் சோதித்தபோது, இந்தக் குடும்பத்து நச்சு அமில ஊடகத்தில் அதிகமாகவும் கார ஊடகத்தில் குறைவாகவும் சுரந்தது. விதைக் கோஜிக்காரர்கள் நஞ்சை நினைத்துச் சாம்பல் தூவவில்லை. ஆனால் ஒவ்வோர் ஈட்டிலும் சாம்பலைத் தாண்டி வந்து அடர்த்தியாகப் பூத்ததையே அடுத்த ஈட்டுக்கு விதையாக எடுத்தார்கள். நூற்றாண்டுக்கணக்கில் இதைச் செய்தால் அதற்குப் பெயர் தேர்ந்தெடுத்து வளர்த்தல். நெல்லுக்கும் மாட்டுக்கும் உழவர் செய்ததை, கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிருக்கு இவர்கள் செய்தார்கள். என்னைப் பொறுத்தவரை கோஜிக்காரர்களே உலகின் முதல் நுண்ணுயிரியலாளர்கள்; ஆவணமும் பட்டமும் இல்லாததால் அந்தப் பெயர் அவர்களுக்கு மறுக்கப்படக் கூடாது.

ஜப்பானின் மதுவடிப்புச் சங்கம் 2006இல் கோஜிப் பூஞ்சையை நாட்டின் பூஞ்சை என்று அறிவித்தது. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ, கோஜி கொண்டு சாக்கே வடிக்கும் மரபறிவைத் தன் பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. விதைக் கோஜி செய்யும் கடைகளோ இன்று ஜப்பான் முழுவதும் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சியிருக்கின்றன.

பூஞ்சையின் பிஹெச் உணர்வைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். பால்-ஹெச், பால்-எஃப் என்று கரும்பலகையில் அம்புக்குறி போடுவதற்கு முன்னால் சாம்பலிலிருந்து தொடங்குங்கள். ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசே சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்ச் சேகரிப்பு நிலையத்தில் கேட்டால் கிடைக்கும். கண்ட பூஞ்சையை எடுத்து வளர்க்க வேண்டாம். ஆவியில் வெந்த பச்சரிசி இரண்டு தட்டு, ஒன்றில் சலித்த விறகுச் சாம்பல், மூக்கை மூடிக்கொள்ள முகக்கவசம், இவ்வளவுதான் தேவை. பிள்ளைகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஏன் என்று அவர்களே கேட்கட்டும். அதற்குப் பிறகு 1986இன் கட்டுரையைக் கையில் கொடுங்கள்.